பதினைந்தாம் கட்டத்தில் வருகிறவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. சண்டை என்னுடையதல்ல. போன வருஷம் மார்ச் மாதம் ஒரு காலையில், தட்டில் இட்லி இருக்க, போனில் ஒரு டெலிகிராம் குழுவைத் திறந்தேன். முத்துநகர் டேக்டிக்ஸ் என்று பெயர். வீடியோ கேமில் வரும் ஒரு குதிரைக்காரனைப் பற்றி இரண்டு பேர் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் 'நாலாம் தட்டு' என்றாள். அவன் 'இரண்டாம் தட்டுக்குக் கீழே இறக்கினால் நான் குழுவை விட்டே போகிறேன்' என்றான். இட்லி ஆறிப்போனது. அவர்கள் கணவனும் மனைவியும் என்பது குழுவில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுடைய அக்கா கிளாடிஸ் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிறாள்.

எழுத உட்கார்ந்தபோது தொடக்கம் அமையவில்லை. தள்ளிய இரண்டை இங்கே போட்டுவைக்கிறேன்.

கடல் அமைதியாக இருந்தது. விஜிலா தூரத்தில் தெரிந்த கப்பலையே பார்த்து—

(கப்பல்காரனின் மனைவியைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தாமல் எங்கள் ஊரில் யாருக்கும் கதை தொடங்க வராது. விஜிலா கடற்கரைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு வேலை இருக்கிறது.)

போர்த்தந்திர விளையாட்டுகளில் ஒரு வீரனின் பயனை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் உண்டு. அவையாவன—

(இது கட்டுரை. வாசகர்களில் பாதிப்பேர் இங்கேயே எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த அளவுகோல்கள் இல்லாமல் கதையும் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

விஜிலாவுக்கு முப்பத்தாறு வயது. ஹார்பருக்குப் போகிற பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. ஏற்றுமதிச் சரக்குக்கு உரிய தாள்களைத் தயார் செய்வது. ஒரு எண் தப்பினாலும் கன்டெய்னர் யார்டிலேயே நின்றுவிடும். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே நம்புகிற புத்தி அவளுக்கு. செல்வின் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட் என்கிற அதிகாரி. எட்டு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. (இதற்கு ஒரு காரணம் எழுதத் தொடங்கி— வேண்டாம். அது அவர்கள் காரியம்.)

அந்த விளையாட்டைச் செல்வின்தான் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் லீவில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். செஸ் பலகைபோலச் சதுரம் சதுரமாகப் பிரித்த போர்க்களம். நம் ஆட்களை ஒரு முறை நகர்த்த வேண்டும், பிறகு எதிரி நகர்த்துவான். மொத்தம் இருபது கட்டம், கட்டத்துக்கு ஒரு போர். படையில் முப்பது பேருக்கு மேல் சேருவார்கள். ஆனால் ஒரு போருக்குப் பத்துப் பேரைத்தான் இறக்க முடியும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். ஆகவே யாரை இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதுதான் விளையாட்டே.

ஜப்பான்காரர்கள் வைத்த பெயர்கள் எங்கள் குழுவில் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். இரும்புக்கவசம் போட்டு வழியை மறித்து நிற்கிறவன் 'கதவு'. காயத்தை ஆற்றுகிறவள் 'ஒத்தடம்'. எதையும் பிரமாதமாகச் செய்யாமல், எதையும் கெடுக்காமல், முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை கூடவே வருகிற ஒரு சிப்பாய்க்குப் 'பரவாயில்லை' என்று பெயர். சண்டைக்குக் காரணமான குதிரைக்காரனின் பெயர் 'விருந்தாளி'. முதல் நாலு கட்டம் படையில் இருப்பான். பிறகு ஏதோ அரசாங்கக் காரியம் என்று போய்விடுவான். பதினைந்தாம் கட்டத்தில் திரும்ப வருவான். வந்தால், அவனை அடிக்க ஆள் கிடையாது.

இந்த ஆட்களையெல்லாம் பயனைப் பொறுத்து வரிசைப்படுத்தி வைப்பதுதான் எங்கள் குழுவின் பிழைப்பு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு என்று ஐந்து தட்டு.*

(* வெளியுலகத்தில் தட்டுக்கு டியர் என்று பெயர்; இதை டியர் லிஸ்ட் என்பார்கள். கிளாடிஸ் அதைக் கேட்டுவிட்டு, தம்பியும் தம்பி பெண்டாட்டியும் இத்தனை வருஷம் கழித்தும் காதல் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த டியர் வேறு, இந்த டியர் வேறு. நான் திருத்தவில்லை.)

எப்படி மதிப்பிடுவது? சாதாரணமாக ஆடுகிறவன் கடைசி அடி அடித்தவனுக்குத்தான் மார்க் போடுவான். செல்வின் கட்சியும் ஏறக்குறைய அதுதான். ஒரு ஆள் தன் உச்சத்தில் என்ன செய்வான், வேறு யாராலும் ஆகாத எதைச் செய்வான் என்று அவன் பார்ப்பான். விஜிலாவின் வழி வேறு. ஒரு ஆளைப் படையிலிருந்து எடுத்துவிட்டு, அதே விளையாட்டை முதலிலிருந்து ஆடிப்பார். எத்தனை இடத்தில் கூடுதலாகத் திணறுகிறாய்? அந்தத் திணறல்தான் அவன் மதிப்பு. சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு ஆளாக எடுத்துவிட்டு ஆடியும் பார்த்திருக்கிறாள், மூன்று வருஷமாக. 'பரவாயில்லை'யை முதல் தட்டுக்கு ஏற்றியவள் அவள்தான். ஐந்தாம் கட்டத்தில் அவன் இல்லாமல் பாலத்தைக் காக்க முடியாது என்பது அவள் எடுத்துவிட்டுப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்? மூன்றாம் கட்டம் தாண்டியதில்லை. வேடிக்கை பார்க்கிறவன்.

3

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, ஆபீஸில் விஜிலாவுக்கு வயிற்றுவலி வந்தது. மத்தியானத்துக்குள் நிமிர முடியவில்லை. தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ஜாய்சன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் பார்த்துவிட்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். முன் சீட்டில் அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்றார்கள். கிளாடிஸ் ஓடிவந்தாள். கணவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அவள் போட்டாள்.

"ஏளா, தம்பிக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மைனி. கப்பல் நடுக்கடல்ல கெடக்கு. தெரிஞ்சா அவுக அங்கன கெடந்து தவிப்பாவ."

நாலாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்குச் செய்தி போனது. கப்பலில் போன் கிடைத்ததும் கூப்பிட்டான்.

"ஏளா, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீங்க அங்கன இருந்து என்ன செய்யப்போறீய?"

"சரி, ஒடம்பப் பாத்துக்க" என்றான்.

(இந்த இடத்தில் எனக்கு விஜிலாமேல் சந்தேகம் வருகிறது. அந்தக் கேள்வியை அவள் கோபத்தில் கேட்டாளா? கோபத்தில் கேட்டாள் என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். பிறகு மன்னிப்பு, கண்ணீர், முடிந்தது. அவளிடமே கேட்டேன். "இல்ல அண்ணாச்சி. நெசமாவே கேட்டேன். அவுக என்ன செஞ்சிருப்பாவன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தோணல. அதாம் கேட்டேன்." கோபம் என்றால் அவன் தாங்கியிருப்பான் என்று எனக்குப் படுகிறது. அது கணக்குப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவனை எடுத்துவிட்டு ஆடிப் பார்த்திருக்கிறாள். எங்கேயும் திணறவில்லை.)

4

மார்ச்சில் பட்டியலைத் திருத்தும் வேலை வந்தது. 'விருந்தாளி' இரண்டு வருஷமாக இரண்டாம் தட்டில் இருந்தான். விஜிலா அவனை நாலாம் தட்டுக்கு இறக்கவேண்டும் என்று எழுதினாள். குழுவில் அவர்கள் ஒருவரை ஒருவர் 'ப்ரோ' என்றும் 'சிஸ்டர்' என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டையிலும் அது மாறவில்லை. சுருக்கித் தருகிறேன்.

விஜி: இருபது கட்டத்தில் பத்துக் கட்டம் ஆள் இல்லை. இல்லாத கட்டத்துக்கு யாரும் மார்க் போட முடியாது ப்ரோ.

செல்வின்: இல்லாததற்குப் பூஜ்யம் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மைனஸ் போடாதீர்கள். கடைசி ஆறு கட்டம் அவன் செய்வதைக் கூட்டுங்கள் சிஸ்டர். வடக்குக் கோட்டையை வேறு யார் உடைப்பது?

விஜி: கதவும் பரவாயில்லையும் சேர்ந்தால் உடைக்கலாம். நான்கு சுற்று கூடுதலாகும். ஆடிப் பார்த்தாயிற்று.

செல்வின்: அவன் இஷ்டப்பட்டா போகிறான்? கதையில் அனுப்புகிறார்கள்.

விஜி: எதற்குப் போகிறான் என்பது அவன் குணத்தைப் பற்றியது. நாம் பயனைப் பற்றிப் பேசுகிறோம். போகும்போது நாம் கொடுத்த நல்ல ஈட்டியும் அவனோடு போகிறது. முதல் நாலு கட்டத்தில் அவனுக்குக் கொடுத்த அனுபவப் புள்ளிகள் மற்றவர்களுக்குப் போயிருக்கலாம். அது பூஜ்யம் இல்லை ப்ரோ, மைனஸ்தான்.

குழுவில் ஆளாளுக்குக் கைதட்டினார்கள், சிரிப்புப் படம் போட்டார்கள். கிருபாகரன் என்று ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், 'இப்படி ஒரு வாதத்தை நான் பார்த்ததே இல்லை, இதைக் குழுவின் மேலே பின் குத்தி வையுங்கள்' என்று எழுதினார். அதற்குப் பிறகு விஜிலா எழுதியது இது:

'இன்னொன்று. பதினைந்தாம் கட்டத்தில் அவன் வரும்போது பத்து இடமும் நிறைந்திருக்கும். அவனுக்கு இடம் விடவேண்டுமானால், அதுவரை கூட நின்ற ஒருவரை வெளியே உட்கார வைக்கவேண்டும். யாரை?'

செல்வின் பதில் எழுதவில்லை. ஆறு நாள் அவன் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளியே இல்லை. கப்பலில் நெட் இல்லையா, அல்லது வேறா என்று விஜிலாவுக்குத் தெரியவில்லை. ஆறு நாளும் ஆபீஸுக்குப் போனாள், பதினேழு கன்டெய்னருக்குத் தாள் தயார் செய்தாள், டாக்டரிடம் தையல் தழும்பைக் காட்டிவிட்டு வந்தாள். ஏழாம் நாள் குழுவில் ஒரு வரி வந்தது. 'சிஸ்டர் சொல்வது சரி. நாலாம் தட்டு.'

(எழுதும்போது குதிரைக்காரனைத்தான் எழுதினாயா, செல்வினையா என்று கேட்டேன். "பாதி வரைக்கும் குதிரைக்காரனத்தாம் எழுதுனேன்" என்றாள். எந்தப் பாதியில் மாறியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.)

5

ஜூலையில், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் செல்வின் வந்து இறங்கினான். வழக்கமாக முதல் வாரம் தூங்குவான். இந்த முறை தூங்கவில்லை. கியாஸ் டியூப் மாற்றினான். அடுக்களை அலமாரியைத் துடைத்துப் புதிதாக அடுக்கினான். அன்றைக்கு மஞ்சள்தூள் எங்கே என்று விஜிலா பத்து நிமிஷம் தேடினாள், ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை கிளாடிஸ் வழக்கம்போல மீன் கொடுத்தனுப்ப இருந்தவள், தம்பியே கரைக்குப் போய் வாங்கிவிட்டான் என்று கேட்டு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஜாய்சன் வந்தான். கீழ்த்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழையது. வாரம் ஒரு முறை திறந்து பார்க்காவிட்டால் காற்றுப் பிடித்து நின்றுவிடும். மூன்று வருஷமாக அதைப் பார்க்கிறவன் அவன்தான். ஸ்பேனரோடு உள்ளே வந்தவனைச் செல்வின் வாசலிலேயே தோளில் தட்டி நிறுத்தினான்.

"இனி ஒனக்கெதுக்குலே சிரமம்? நான் இருக்கேன்லா. பாத்துக்கிடுதேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஜாய்சன் ஸ்பேனரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். மறு சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மோட்டார் நின்றது. செல்வின் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். நாற்பதாயிரம் டன் கப்பலை மலாக்கா நீரிணை வழியாகக் கொண்டுபோகிறவனுக்கு ஒரு குதிரைச்சக்தி மோட்டார் மசியவில்லை. மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விஜிலாவுக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ்.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜாய்சன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஜாய்சா, மோட்டார் நின்னுட்டு."

"அண்ணன் இருக்காவல்லா, மைனி." முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

விஜிலா திரும்பி வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவன் அவன். நீங்க வந்ததும் அவன வெளிய உக்கார வெச்சிட்டீய."

செல்வின் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். பக்கத்து வீட்டுக்குப் போய் என்ன பேசினான் என்பது எனக்குத் தெரியாது. (ஒரு உருக்கமான உரையாடல் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம். ஜாய்சன் வாயில் அந்தச் சொற்கள் நிற்கவே இல்லை. கிழித்துவிட்டேன்.) கால் மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஜாய்சன் ஒரு குடம் தண்ணீரை மோட்டார் வாயில் மெல்ல ஊற்ற, செல்வின் பக்கத்தில் குனிந்து வால்வைப் பிடித்துக்கொண்டான். "இங்கன தளத்திப் பிடிங்கண்ணே. காத்து போவட்டும்." மோட்டார் இருமிவிட்டு ஓடியது. விஜிலா அன்றைக்கு நாற்பது நிமிஷம் தாமதமாக ஆபீஸ் போனாள்.

6

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் செல்வின் விஷயத்தைச் சொன்னான். கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த பயணம், சீஃப் மேட் பதவி உயர்வு, திங்கள் மத்தியானத்துக்குள் பதில் வேண்டும். அதே திங்கள் காலை ஹார்பரில் டக் என்கிற இழுவைப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து உள்ளே கொண்டுவரும் வேலை. அன்றன்றைக்கு வீடு.

"நான் டக்குக்குப் போலாம்னு பாக்கேன்."

"நான் அன்னைக்கி எழுதுனதுக்காவா?"

"இல்ல. அதுக்கு முன்னால போன்ல கேட்டியே, அதுக்காவ."

நானாகப் புனைந்து எழுதியிருந்தால் இங்கே விஜிலாவைச் சந்தோஷப்பட வைத்திருப்பேன். அவள் படவில்லை.

"நீங்க இங்கன இருக்கணும்னு எனக்கு ஆசதான். ஆனா பயமாவும் இருக்கு. ஒம்பது வருசமா நீங்க இல்லாம எல்லாத்தையும் அடுக்கி வெச்சிட்டேன். யாரு எப்ப வருவா, எது எங்கன இருக்கும், எல்லாம். மூணு மாசம்னா நீங்க கலைக்கிறதப் பொறுத்துக்கிடுவேன். எப்பவும்னா, நான் மொதல்ல இருந்து அடுக்கணும்."

"அப்ப கப்பலுக்கே போயிரட்டுமா?"

"அதையும் நானா சொல்லணும்?"

செல்வின் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஆபரேசன் அன்னைக்கி நான் வந்திருக்க முடியாது. தெரியும். ஒரு மாத்திர வாங்கிக் குடுத்திருக்க முடியாது. ஆனா எங்கிட்ட சொல்லியிருந்தா, அன்னைக்கிப் பூரா நானும் பயந்திருப்பேம்லா. நீ அங்கன பயந்து கெடந்தப்ப, நான் காப்பியக் குடிச்சிட்டு சிரிச்சிட்டு இருந்திருக்கேன். அது எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா எனக்கு? ஒங்கூடச் சேந்து பயப்படுறதுக்கு ஒரு மார்க்கும் கெடையாதா?"

விஜிலா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். எடுத்துவிட்டு ஆடிப் பார்க்கிற அவளுடைய முறையில் அதற்கு இடமில்லை. அவன் பயந்திருந்தால் ஆபரேஷன் ஒரு நிமிஷம் முன்னால் முடிந்திருக்காது. தையல் ஒன்று குறைந்திருக்காது. ஆனால் மயக்க ஊசி போடுவதற்கு முன்னால், மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, இந்த நிமிஷம் செல்வினுக்கு இது தெரியாது என்று அவள் நினைத்ததும், அந்த நினைப்பு வலியைவிட மோசமாக இருந்ததும் ஞாபகம் வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"பட்டியல்ல அதுக்கு எடம் இல்ல" என்றாள்.

"எடம் போடு."

"ஒங்களுக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும். மைனிக்கி, ஜாய்சனுக்கு. அவன் அன்னைக்கி ஆஸ்பத்திரி வாசல்ல நாலு மணிநேரம் நின்னிருக்கான், ஒரு வேலையும் இல்லாம."

"போடு. எல்லாருக்கும் போடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு அந்த விளக்கைப் பற்றிச் சொன்னாள்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். முடிவு கைவசம் இரண்டு இருக்கிறது.

ஒன்றில் அவன் கப்பலுக்குப் போகிறான். இனி எது நடந்தாலும் நடக்கிற நிமிஷத்திலேயே சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டு போகிறான். இதில் குறை ஒன்றும் இல்லை. என் மனைவிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மற்றதில் அவன் டக்கில் சேர்ந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அலமாரியை அவள் அடுக்கியபடியே விட்டுவைக்கப் பழகுகிறான். கிளாடிஸுக்கு இது. நான் இரண்டையும் எழுதி, இரண்டையும் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டுப் படித்தால் எங்காவது திணறுகிறதா என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திணறவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திங்கள் காலை மட்டும்தான். அதை அப்படியே தருகிறேன்.

எட்டரை மணி. ஹார்பரில் அவனைப் பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். "ஒன்ன ஆபீஸ்ல விட்டுட்டு அப்படியே போறேன்" என்று செல்வின் அவளுடைய ஸ்கூட்டரை எடுத்தான். விஜிலா பின்னால் உட்கார்ந்தாள். சொந்த வண்டியில் பின்னால் உட்கார்வது அவளுக்கு இதுவே முதல் தடவை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டாள். பீச் ரோட்டைத் தாண்டி, உப்பளம் தொடங்குகிற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. அங்கே வந்ததும் வண்டி மெதுவானது. பிறகு நின்றது. செல்வின் ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

ஒன்பது வருஷத்தில் அவளை அவன் ஒரு நாளும் ஆபீஸில் கொண்டுபோய் விட்டதில்லை.

"ஏளா," என்றான் திரும்பிப் பார்க்காமல், "நீ தெனமும் எந்தப் பக்கமாப் போவ?"

விஜிலா பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். வழியைச் சொல்லலாம். 'எறங்குங்க, நான் ஓட்டுதேன்' என்று சொல்லலாம். இத்தனை வருஷம் கேட்காமல் இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியதா என்றும் கேட்கலாம். மூன்றும் அவள் குரலில் எனக்குக் கேட்கிறது. ஆனால் பின்னால் உப்பு லாரி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது, நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். அவர்களோடு வண்டியில் இருப்பது இப்போது நீங்கள்தான். அவள் மூன்றில் எதைச் சொல்கிறாள்? சீக்கிரம் சொல்லுங்கள்.